ஆலங்கட்டி ஊரில் படைவீரர் வீடு: எந்தக் கூரை யாருக்குக் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் வீடு வாங்கிய படைக் குடும்பங்கள் கோடை வந்தால் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஆலங்கட்டி அடித்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர் புதுக் கூரைக்கு ஒத்துக்கொண்டார். பழையபடி சாதா ஷிங்கிளே போடலாமா, கையிலிருந்து கொஞ்சம் சேர்த்து கிளாஸ் 4 போடலாமா, இல்லை ஒரேயடியாக உலோகக் கூரைக்குப் போய்விடலாமா? இன்னும் இரண்டு வருடத்தில் மாற்றல் வந்துவிடும்."

ஷிங்கிள் என்பது தாரில் செய்த கூரைத் துண்டு. கிளாஸ் 4 என்பது ஆலங்கட்டியைத் தாங்குவதில் மேல் தரம். கேள்வியின் கடைசி வாக்கியத்தைப் போகிற போக்கில் சொல்கிறார்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது. மீதிப் பாதி, அலமாரியில் தூங்கும் இன்சூரன்ஸ் பாலிசியில். கூரைப் பொருளின் தரம் அதற்கப்புறம்தான்.

இந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஃபோர்ட் கார்சன், பீட்டர்சன், ஷ்ரீவர், விமானப்படை அகாடமி, ஷையென் மலைத் தளம் என்று படைத்தளங்கள் சூழ்ந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரம். அதனால் மேகத்தின் உறைநிலை மட்டத்துக்கும் தரைக்கும் இடையே தூரம் குறைவு. விழுகிற பனிக்கட்டி வழியில் கரைவதற்கு நேரமில்லை. 2018 ஆகஸ்ட் 6 அன்று ஷையென் மலை விலங்குக் காட்சியகத்தில் ஆலங்கட்டி அடித்ததில் விலங்குகள் செத்தன, பார்வையாளர்கள் காயப்பட்டார்கள், வாகன நிறுத்தத்தில் நின்ற கார்கள் நொறுங்கின. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 மே 8 அன்று, டென்வர் பக்கம் அடித்த ஒரே புயலுக்குக் காப்பீட்டு இழப்பு 2.3 பில்லியன் டாலர். இந்த ஊரில் கூரை என்பது வாழ்நாளுக்கு ஒருமுறை வாங்கும் பொருள் அல்ல.

குடியுரிமை இல்லாதவர்களையும் அவர்களின் மொழித்திறனுக்காக அமெரிக்க ராணுவத்தில் சேர்த்து, 2016 வரை ஆள் எடுத்த மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியாக ராணுவத்தில் சேர்ந்து, இந்தப் பக்கம் சொந்த வீடு வாங்கியவர்களுக்கும் கீழே சொல்வது அத்தனையும் பொருந்தும். தளத்துக்குள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. கூரை வேறொருவர் பொறுப்பு.

## எதை வைத்து எடைபோடுவது

இந்த வீட்டில் எத்தனை நாள்? மாற்றல் உத்தரவு வந்ததும் விற்கப்போகிறீர்களா, வாடகைக்கு விடப்போகிறீர்களா, ஓய்வு பெற்றுத் திரும்பி வரப்போகிறீர்களா? மூன்றுக்கும் மூன்று விடை.

பாலிசி கூரைக்கு என்ன தரும்? இதை விரிவாகப் பார்க்க வேண்டும். கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஆலங்கட்டியைத் தாங்குமா? அமெரிக்காவில் இதற்குப் பொதுவான சோதனை யு.எல். 2218. எஃகுக் குண்டை உயரத்திலிருந்து கூரைத் துண்டின் மேல் போடுவார்கள். கிளாஸ் 1-க்கு 1.25 அங்குலக் குண்டு, 12 அடி உயரம். கிளாஸ் 4-க்கு 2 அங்குலக் குண்டு, 20 அடி. அதுவும் ஒரே இடத்தில் இரண்டு முறை. விரிசலோ கிழிசலோ இருந்தால் தோல்வி. ஆனால் நெளிவு விழுந்தால் தோல்வி அல்ல. இந்தச் சின்ன விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலோகக் கூரையில் இதுதான் பணத்தைத் தின்னும். இன்னொன்று: சோதனை எஃகுக் குண்டில், அடி விழுவது பனிக்கட்டியில். பனிக்கட்டியையே வீசிப் பார்த்த ஐ.பி.எச்.எஸ். என்ற காப்பீட்டுத் துறை ஆய்வுக்கூடத்தில் கிளாஸ் 4 ஷிங்கிள்கள் எல்லாம் ஒன்றுபோல் நிற்கவில்லை. அவர்கள் வெளியிட்ட தரவரிசையில், வாங்கப்போகிற குறிப்பிட்ட ரகம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

காற்றும் தீயும். 2021 டிசம்பர் 15 அன்று அடித்த சூறைக்காற்றில் ஷிங்கிள் பறந்த வீடுகள் ஏராளம். 2012-இல் இந்த ஊருக்குள் புகுந்த வால்டோ கேன்யன் காட்டுத்தீயில் 346 வீடுகள் எரிந்தன. எனவே தீத் தடுப்பில் கிளாஸ் ஏ (இது தனி அளவுகோல், ஏ-தான் உச்சம்) தரம் இல்லாத எதையும் யோசிக்கவே வேண்டாம். மரப்பலகைக் கூரை இந்தக் கட்டுரையில் வராததற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பது? ஆறு மாதம் வெளிநாட்டுப் பணியில் இருக்கும்போது அடித்தால், சேதத்தைக் கண்டுபிடிக்கவே ஆள் வேண்டும்.

## பாலிசியில் மூன்று வரிகள்

முதல் வரி, டிடக்டிபிள். அதாவது சேதச் செலவில் இன்சூரன்ஸ் தராமல் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு. மற்ற சேதங்களுக்கு 1,000 அல்லது 2,000 டாலர் என்று இருக்கும். காற்று, ஆலங்கட்டிக்கு மட்டும் தனியாக வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். சிலருக்கு 5 கூட. கூரைச் செலவில் 2 சதவீதம் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது வீட்டின் மொத்தக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். 4,50,000 டாலருக்குக் காப்பீடு என்றால் உங்கள் பங்கு 9,000.

இரண்டாவது வரி, புதுக் கூரையின் விலையைத் தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்பது. ஓர் உதாரணம்: கூரை மாற்ற 20,000 டாலர், டிடக்டிபிள் 9,000. முழு மாற்று விலைப் பாலிசி என்றால் உங்களுக்கு மொத்தம் 11,000 வரும். தேய்மானப் பாலிசி என்றால், பாதி ஆயுள் போன கூரைக்கு 10,000 கழித்து, டிடக்டிபிளையும் கழித்து, கையில் 1,000. அதே புயல், அதே கூரை. பாலிசியைப் புதுப்பிக்கும்போது கூரைக்கு மட்டும் வயதுக்கேற்ற அட்டவணை ஒன்றைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவதும் நடக்கிறது. புதுப்பிப்புக் கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள்.

முழு மாற்று விலைப் பாலிசியிலும் பணம் இரண்டு தவணையாகத்தான் வரும். முதல் காசோலை தேய்மானம் கழித்தது. வேலை முடிந்து பில் அனுப்பிய பிறகுதான் மீதி. அதற்குக் கெடு உண்டு. நடுவில் மாற்றல் வந்து, வேலை முடியாமலே வீட்டை விற்றால் அந்த இரண்டாம் தவணை கைநழுவிப் போகலாம். மாற்றல் நெருங்கும் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது வரி, தோற்றச் சேத விலக்கு. நெளிவு, சொட்டை மட்டும் விழுந்து தண்ணீர் இறங்காவிட்டால் ஒரு காசும் கிடையாது என்று இதற்கு அர்த்தம். சில நிறுவனங்கள் கிளாஸ் 4 கூரைக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தந்துவிட்டு, கூடவே இந்த விலக்கில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும்.

## சாதா லாமினேட் ஷிங்கிள்

இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் இதுதான். விலை குறைவு, எல்லா ஒப்பந்தக்காரருக்கும் போடத் தெரியும், ஓரிரு நாளில் வேலை முடியும். இன்சூரன்ஸ் தரும் தொகை பெரும்பாலும் இதற்குச் சரியாக இருக்கும், ஏனென்றால் பழைய கூரையும் இதே ரகம்தான்.

பலவீனம் ஆலங்கட்டி. அடி விழுந்த இடத்தில் மேலே உள்ள கல் துகள்கள் உதிரும். அடியில் உள்ள கண்ணாடியிழைப் பாய் உடையும். தரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அட்ஜஸ்டர், அதாவது இன்சூரன்ஸ் தரப்பின் சேத மதிப்பீட்டாளர், மேலே ஏறி, ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரம் ஒன்றைச் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் விழுந்த அடிகளை வட்டமிட்டு எண்ணுவார். உண்மையான அடி என்றால் கட்டைவிரலால் அழுத்தும்போது, கனிந்த மாம்பழத்தில் அழுந்துவது போல உள்வாங்கும். கூரையில் ஏறாமல் நீங்களே பார்க்க வேண்டுமென்றால் ஏ.சி. வெளி யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள், மழைநீர்க் குழாயின் அடி வாய், தபால் பெட்டி மூன்றையும் பாருங்கள். தகடுகள் குழிந்து, குழாய் வாயில் கறுப்புத் துகள் குவிந்திருந்தால் மேலே ஆள் ஏற்ற வேண்டிய நேரம்.

மறைசெலவு: அடுத்த புயலுக்கு மறுபடி அதே டிடக்டிபிள். வெயில் உக்கிரமான உயரப் பிரதேசத்தில் ஷிங்கிள் சீக்கிரம் காய்ந்து நொறுங்கும். பொட்டலத்தில் அச்சிட்ட ஆயுளை அப்படியே நம்ப வேண்டாம். உற்பத்தியாளர் உத்தரவாதம் பொதுவாக ஆலங்கட்டிச் சேதத்துக்குச் செல்லாது.

இது யாருக்குச் சரி: ஓரிரு வருடத்தில் விற்கப்போகிறவருக்கு, அதுவும் இன்சூரன்ஸ் முழு மாற்று விலை தருகிறது என்றால். வாங்குபவர் புதுக் கூரையைப் பார்ப்பார். கிளாஸ் 4-க்காக நீங்கள் போட்ட கூடுதல் பணத்தை விலையில் தருவார் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

## கிளாஸ் 4 ரப்பர் கலந்த ஷிங்கிள்

பார்வைக்குச் சாதா ஷிங்கிளேதான். உள்ளே உள்ள தாரில் எஸ்.பி.எஸ். என்ற ரப்பர்த்தன்மை கொண்ட பாலிமர் கலந்திருக்கும். அதனால் அடி விழுந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். குளிரிலும் நெகிழ்வு போகாது. தாரில் மாற்றம் செய்யாமல், அடியில் வலுவான வலையை ஒட்டிக் கிளாஸ் 4 சான்று வாங்கிய ரகங்களும் உண்டு. இரண்டும் ஒரே சான்றிதழ்தான் காட்டும். என்னைக் கேட்டால் பாலிமர் கலந்ததே மேல். ஒப்பந்தக்காரரிடம் "கிளாஸ் 4" என்று மட்டும் கேட்காமல் "எஸ்.பி.எஸ். கலந்ததா?" என்றும் கேளுங்கள்.

கூடுதல் செலவைப் பார்ப்போம். இன்சூரன்ஸ் பழைய ரகத்துக்குத்தான் தரும். வித்தியாசம் உங்கள் பாக்கெட்டிலிருந்து. அந்த வித்தியாசம் 3,000 டாலர் என்றும், பிரீமியத் தள்ளுபடி வருடத்துக்கு 400 என்றும் வைத்துக்கொள்வோம். தள்ளுபடியால் மட்டும் பணம் திரும்ப ஏழரை வருடம் ஆகும். மூன்று வருடப் பணிக்காலத்தில் திரும்பாது. ஆனால் ஒன்றரை அங்குலக் கல் அடித்த ஒரு புயலை இந்தக் கூரை தாங்கி, ஒரே ஒரு முறை 9,000 டிடக்டிபிள் கட்டாமல் தப்பித்தால் அன்றே கணக்குத் தீர்ந்துவிடும். இவை உதாரண எண்கள்தான். உங்கள் மேற்கோள் விலையையும் உங்கள் பாலிசியையும் வைத்துப் போட்டுப் பாருங்கள், முறை இதுதான்.

மறைசெலவு: தள்ளுபடி தானாக வராது. சோதனைத் தரம் எழுதிய சான்று, பில், சில நேரம் பொட்டலத்தின் மேலுறைப் படம் என்று கேட்பார்கள். ஒப்பந்தக்காரர் ஊரைவிட்டுப் போன பிறகு தேடினால் கிடைக்காது. அப்புறம், கூரை தாங்கினாலும் வெளிக்குழாய், காற்றுப்போக்கி, சன்னல் வலை எல்லாம் அடி வாங்கும். "கிளாஸ் 4 போட்டும் சேதமா?" என்று அதிர வேண்டாம். பெரிய கல்லுக்கு எந்த ஷிங்கிளும் ஈடுகொடுக்காது. 2023 ஆகஸ்டில் இதே மாநிலத்தின் யூமா கவுண்டியில் விழுந்த கல் 5.25 அங்குலம்.

இது யாருக்குச் சரி: வீட்டை வாடகைக்கு விட்டுப் போகிறவருக்கும், நான்கைந்து வருடத்துக்கு மேல் இருப்பவருக்கும். டிடக்டிபிள் 2 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் குறுகிய காலத்துக்கே கூட யோசிக்கலாம்.

## உலோகக் கூரை

இரண்டு ரகம். ஒன்று, நீளத் தகடுகளின் விளிம்புகளை மேலே மடித்து இணைப்பது. ஆணி வெளியே தெரியாது. இன்னொன்று, எஃகுத் துண்டுகளின் மேல் கல் துகள் பூசி ஓடு போலவோ ஷிங்கிள் போலவோ வடிவமைத்தது. இரண்டும் பெரும்பாலும் கிளாஸ் 4 வாங்கிவிடும். தீக்கும் காற்றுக்கும் நல்லவை. எடையும் குறைவு. நன்றாகப் போட்டால் ஷிங்கிளைவிட மிக நீண்ட ஆயுள். விலை ஷிங்கிளைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம்.

மேலே சொன்ன சின்ன விவரம் இங்கே வருகிறது. சோதனையில் நெளிவு தோல்வி அல்ல. ஆகவே கிளாஸ் 4 சான்று பெற்ற தகட்டில் ஆலங்கட்டி அடித்தால் முழுக்கச் சொட்டை விழலாம், தண்ணீர் மட்டும் இறங்காது. தோற்றச் சேத விலக்கு இருந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். மாற்றல் வந்து விற்கப்போகும்போது, அம்மைத் தழும்பு விழுந்த அந்தக் கூரையைப் பார்த்து வாங்குபவர் விலையைக் குறைப்பார். பெரிய விலை கொடுத்துப் போட்ட கூரை, நஷ்டஈடும் வராமல் விலையும் போகாமல் நிற்கும். கல் பூசிய ரகத்தில் சொட்டை அவ்வளவாகத் தெரியாது. உலோகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

போடத் தெரிந்த ஆளும் குறைவு. புயல் முடிந்த மாதத்தில் எல்லாரும் ஷிங்கிளுக்கு ஓடுவார்கள். தகட்டு வேலைக்குக் காத்திருக்க நேரும். வீட்டுச் சங்கம் இருந்தால் அவர்களின் அனுமதி தனி.

இது யாருக்குச் சரி: ஓய்வு பெற்று இங்கேயே தங்கப்போகிறவருக்கு, காடு ஒட்டிய பகுதியில் தீப்பயம் இருப்பவருக்கு, விலக்கு வரி இல்லாத பாலிசியை எழுத்தில் உறுதி செய்துகொண்டவருக்கு. மூன்று வருடப் பணிக்கு வந்தவருக்கு வேண்டாம்.

கான்கிரீட் ஓட்டைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ஷிங்கிளைவிடப் பல மடங்கு எடை; வீட்டுச் சட்டம் தாங்குமா என்று பொறியாளர் பார்க்க வேண்டும்; பெரிய கல்லுக்கு உடையும். ஏற்கெனவே ஓட்டு வீடு இல்லையென்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சாதா ஷிங்கிள் | கிளாஸ் 4 (எஸ்.பி.எஸ்.) | உலோகம் |
|---|---|---|---|
| முதல் செலவு | குறைவு | சற்று அதிகம் | இரண்டு மூன்று மடங்கு |
| நடுத்தரக் கல் | உடையும் | பெரும்பாலும் தாங்கும் | தாங்கும், சொட்டை விழும் |
| பிரீமியத் தள்ளுபடி | இல்லை | கிடைக்கலாம், சான்று வேண்டும் | கிடைக்கலாம், விலக்கோடு வரலாம் |
| பெரிய மறைசெலவு | திரும்பத் திரும்ப டிடக்டிபிள் | வித்தியாசத் தொகை கைப்பணம் | தோற்றச் சேதத்துக்கு ஈடு இல்லை |
| பழுதுக்கு ஆள் | எளிது | எளிது | கடினம் |
| விரைவில் விற்பவர் | சரி | டிடக்டிபிளைப் பொறுத்து | வேண்டாம் |
| வாடகைக்கு விடுபவர் | தலைவலி | சரி | பாலிசியைப் பொறுத்து |
| இங்கேயே தங்குபவர் | சுமார் | சரி | சரி |

## வாடகைக்கு விட்டுப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக

நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி, வாடகை வீட்டுக்குச் செல்லாது. வாடகைக்கு விடும் உரிமையாளருக்கான பாலிசிக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது கூரைக்கு முழு மாற்று விலை இருந்தது தேய்மான விலையாகச் சுருங்கிவிட்டதா என்று பாருங்கள். சுருங்கியிருந்தால் கிளாஸ் 4-இன் மதிப்பு இரட்டிப்பாகிறது, ஏனென்றால் அடுத்த சேதத்தில் பெரும்பகுதி உங்கள் தலையில்.

வாடகைக்கு இருப்பவர் கூரையைப் பார்க்க மாட்டார். வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகும் வரை உங்களுக்குத் தகவல் வராது, அதற்குள் சேதம் அறிவிக்கும் கெடு முடிந்திருக்கலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் ஒப்பந்தத்தில், ஒவ்வொரு பெரிய ஆலங்கட்டி மழைக்குப் பிறகும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

## விற்கிறவர்களுக்கு

படைத்தளம் சூழ்ந்த ஊரில் வாங்க வருபவரும் பெரும்பாலும் படைக்காரர், வி.ஏ. (படைவீரர் நலத் துறை) உத்தரவாதம் தரும் வீட்டுக் கடனில் வருவார். வி.ஏ. மதிப்பீட்டாளர் குறைந்தபட்சத் தகுதி விதிகளின்படி கூரையைப் பார்ப்பார்: ஈரம் உள்ளே வரக்கூடாது, இன்னும் நியாயமான காலம் உழைக்க வேண்டும். அடி வாங்கிய பழைய கூரையை "வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று விட்டால் விற்பனையே அங்கே நிற்கும். எனவே ஈட்டுத்தொகை வந்திருந்தால் விற்பனைப் பலகை நடுவதற்கு முன் கூரையை முடித்துவிடுங்கள். உத்தரவாதத்தை அடுத்த உரிமையாளருக்கு மாற்றலாமா, எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும் என்பதையும் பார்த்து வையுங்கள். பல உத்தரவாதங்கள் ஒரே ஒரு முறைதான் கைமாறும்.

## கையெழுத்துக்கு முன்

புயல் அடித்த மறுநாளே கதவைத் தட்டுகிறவர்கள் வருவார்கள். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் கொலராடோவில் கூரை வேலைக்கு மாநில உரிமம் கிடையாது. இந்தப் பகுதியில் உரிமமும் அனுமதியும் தருவது பைக்ஸ் பீக் வட்டாரக் கட்டடத் துறை. அவர்களிடம் ஆளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

"உங்கள் டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றால் அங்கேயே கதவைச் சாத்திவிடலாம். 2012-இல் வந்த மாநிலச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

பலர் எதிர்பாராத இடம் காசோலை. வீட்டுக் கடன் இருந்தால் ஈட்டுத்தொகைக் காசோலையில் கடன் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்திருக்கும். கணவன், மனைவி, கடன் நிறுவனம் மூன்று தரப்பும் பின்பக்கம் கையெழுத்திட வேண்டும். ஒருவர் குவைத்தில் இருந்தால் பணம் மேசையிலேயே கிடக்கும், ஒப்பந்தக்காரர் வேறு வீட்டுக்குப் போய்விடுவார். இதற்குத் தளத்தில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாகவே சிறப்பு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதித் தருவார்கள். அதில் வீட்டு முகவரி, இன்சூரன்ஸ் கோரிக்கை, காசோலையில் கையெழுத்து, கூரை ஒப்பந்தம் நான்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடச் சொல்லுங்கள். பொதுவாக எழுதிய பத்திரத்தைக் கடன் நிறுவனம் திருப்பி அனுப்பக்கூடும். கடல் கடந்து போன பிறகு அதைத் திருத்தி எழுதுவது பெரும்பாடு.